முன்னாடி யாரும் வராதீங்க

எரிந்த வண்டி ஓடுபாதைக்கு அப்பால் புல்வெளியில் நின்றது. அது தீயை அணைக்கப் போன வண்டி. டயர்கள் உருகி மண்ணோடு மண்ணாக அப்பியிருந்தன. கூரைமேல் இருந்த, நுரை பீய்ச்சும் பீரங்கியின் வாய் மட்டும் எரியாமல், யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல் ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

"அணைக்க வந்தவனைத்தான் நெருப்பு முதல்ல அணைச்சுக்கும்போல," என்றான் வெடி.

வக்கீலம்மா பீரங்கி திரும்பியிருந்த திசையைப் பார்த்தாள். நீதிமன்றத்தை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. வெடி அவளுடைய உதவியாளன். இடம் பொருள் ஏவல் பார்க்காமல் எதையாவது சொல்லிவைப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"வெடி, அந்தப் பக்கம் போய்ப் பார்."

கூட வந்திருந்த தீயணைப்பு நிலையத் தலைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அம்மா, இது விமானப்படைத் தளம். அந்தப் பேரை இங்க சத்தமாக் கூப்பிடாதீங்க. பசங்க பாதிப் பேர் தரையில படுத்துடுவாங்க."

அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. போன வாரம்தான் இங்கே ஒன்று வெடித்திருந்தது.

பயிற்சிக்குக் கிளம்பிய போர் விமானம் ஒன்று, கொஞ்ச தூரம் போனதும் என்ஜின் மக்கர் செய்து திரும்பி வந்தது. தரை தொட்ட வேகத்தில் பாதையை விட்டு விலகி, புல்லில் சறுக்கி, தீப்பிடித்து நின்றது. முதலில் போய்ச் சேர்ந்தது இந்த வண்டி. இதன் ஓட்டுநரைத் தளத்தில் எல்லாரும் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். அவசரமணி அடித்தால்கூட வேட்டைக்குப் போவதுபோல அல்ல, விருந்துக்குப் போவதுபோலக் கிளம்புகிறவர். ஆனால் எப்போதும் முதலில் போய் நிற்பவர். அன்று விமானி பிழைத்துக்கொண்டார். நிதானம் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு அறிக்கையை எழுதி முடித்துவிட்டது. இன்று மாலை கையெழுத்து. அதில் ஒரு வரி: 'ஓட்டுநர் நிதானத்தில் இல்லை. மது அருந்தியிருக்கக்கூடும்.'

அந்த வரிக்காகத்தான் நிதானத்தின் மனைவி வக்கீலம்மாவைத் தேடி வந்திருந்தாள். அவளுடைய தம்பிதான் அழைத்து வந்தான். அவனுக்கும் தளத்தில்தான் வேலை. அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, அவள்தான் பேசினாள். "என் பொண்ணை ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்கப்பா குடிச்சுட்டுதானே செத்தாருன்னு. அவர் குடிச்சதே இல்லைங்க. தண்ணியைக்கூட ஒரு டம்ளருக்கு மேல குடிக்க மாட்டார். அதைப் பச்சைத் தண்ணின்னு நான் விளக்க வேண்டியிருக்கு பாருங்க."

குடும்பத்தின் சார்பில் இடத்தைப் பார்வையிட அனுமதி வாங்கித் தந்ததும் தம்பிதான். காலையில் வாசல்வரை வந்து விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

"எதை வச்சுக் குடிச்சார்னு எழுதினாங்க?" வக்கீலம்மா கேட்டாள். "உடம்பைச் சோதிச்சாங்களா?"

"சோதிக்க உடம்பு ஏதும்மா?" நிலையத் தலைவர் எங்கோ பார்த்தார். "அவன் செஞ்சதை வச்சுத்தான் எழுதினாங்க. எங்க தொழில்ல முதல் பாடம், காத்து நம்ம முதுகுல அடிக்கணும். முகத்துல அடிச்சா நெருப்பு நம்ம மேல வரும். அவன் முகத்துல அடிக்கிற பக்கமா போய் நின்னான். ரெண்டாவது பாடம், ஆயுதம் மாட்டின விமானத்தோட மூக்குப் பக்கம் போகவே கூடாது. சூடேறினா ராக்கெட் அதுபாட்டுக்குக் கிளம்பிடும். இவன் மூக்குக்கு நேரா, குறுக்க கொண்டுபோய் வண்டியை நிறுத்தினான். அது போதாதுன்னு, கூட வந்த ரெண்டு பேரைப் பாதி வழியில 'இறங்குங்கடா'ன்னு கத்தி இறக்கி விட்டிருக்கான். அவன் யாரையும் டா போட்டு நான் கேட்டதில்ல."

"இந்தப் பாடமெல்லாம் அவருக்குத் தெரியாதோ?" என்றான் வெடி.

"புதுசா வர்றவங்களுக்கு இதை நடத்தினதே அவன்தான்."

காற்றின் திசை காட்டும் ஆரஞ்சுப் பை கம்பத்தில் படபடத்தது. விமானத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள். அது நின்ற இடத்தில் கரி படிந்த தரை மட்டும் இருந்தது. வக்கீலம்மா அந்தக் கரியைச் சுற்றி நடந்தாள். பிறகு வண்டியின் கதவருகே வந்தாள். கதவு இருந்த இடத்தில் உள்பக்கமாகப் பிளந்த பெரிய ஓட்டை.

"இது எப்படி?"

"விமானத்தோட எரிபொருள் டாங்க் வெடிச்சது."

"ராக்கெட் இல்லையா?"

"இருந்தது பயிற்சி ராக்கெட்தாம்மா. தலையில மருந்து கிடையாது, சிமென்ட்தான். ஆயுதப் பிரிவுல எழுத்துமூலமா சொல்லிட்டாங்க."

வெடி மண்டியிட்டுப் புல்லைத் தடவினான். கரிக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்திலேயே பச்சைப் புல் தலையாட்டிக்கொண்டிருந்தது. "தலைவரே, டாங்க் வெடிச்சா நாலு பக்கமும் சிதறணும். இது இந்தப் புல்லையெல்லாம் விட்டுட்டு, ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சிருக்கு. என் மாமியார் கோபம்தான் இப்படி நேரா வரும்."

நிலையத் தலைவரின் முகம் மாறியது. அவருக்கும் இது தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியதை உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தார் என்பது இப்போது தெரிந்தது.

வக்கீலம்மா வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். விமானம் இருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்தாள். ஒரு தார்ச்சாலை. அதன் கோடியில் தீயணைப்பு நிலையம்.

"ரெண்டாவது வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் இந்த ரோட்டுலதானே வந்தது?"

"வேற ரோடு இல்லம்மா."

"தப்பான இடத்துல ஒரு ஆள் நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். சரியான இடம் தெரியாம இருக்கலாம். இல்லேன்னா, அந்த இடத்துல வேற யாரும் வந்து மாட்டிக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கலாம்."

நிலையத் தலைவர் தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

*

நிலையத்தில் இரண்டு வண்டிகள் நிற்க வேண்டிய கொட்டகையில் ஒன்றுதான் நின்றது. அதன் பக்கத்தில் பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. கால்சட்டைகளை அந்த பூட்ஸ்களின் மேலேயே சுருட்டி வைத்திருந்தார்கள். மணி அடித்தால் உள்ளே காலை விட்டு இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். நுரைக் கரைசலின் சோப்பு வாடையும் டீசல் வாடையும் கலந்து அடித்தன.

இரண்டாவது வண்டியின் ஓட்டுநருக்கு 'ரேஸ்' என்று பட்டப்பெயர். முப்பது வயது இருக்கும். கேள்வி கேட்பதற்கு முன்பே அவன் விறைத்துக்கொண்டான்.

"சொல்ல வேண்டியதை எல்லாம் குழுகிட்ட சொல்லிட்டேங்க. செத்தவரைப் பத்தித் தப்பாப் பேசப் பிடிக்கல. ஆனா அன்னைக்கு அவர் சரியில்ல. வயர்லெஸ்ல என்கிட்டயே மிரட்டினாரு."

"என்னன்னு?"

"'எனக்கு முன்னாடி வராதீங்க'ன்னு. நான் அவரை முந்திடுவேன்னு பயம். விமானம் எரியுது, இவருக்கு நான் ஃபர்ஸ்ட், நீ ஃபர்ஸ்ட்டா முக்கியம்? எனக்கு ரத்தம் கொதிச்சுது."

"'எனக்கு'ன்னு சொன்னாரா?" என்றாள் வக்கீலம்மா.

"ஆமாங்க."

"அவசரம் வேண்டாம். அவர் குரல்லயே மனசுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க."

ரேஸ் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. "'முன்னாடி யாரும் வராதீங்க... முன்னாடி யாரும் வராதீங்க.' ரெண்டு தடவை."

"'எனக்கு' எங்கே?"

அவன் கண்ணைத் திறந்தான். "இல்லைங்க. அது... நானா நினைச்சது."

"அந்த ஒரு வார்த்தையைப் போட்டவர் நீங்க. அதை எடுத்துட்டுக் கேளுங்க. முன்னாடி வராதீங்க. எதுக்கு முன்னாடி?"

ரேஸின் பார்வை கதவு வழியாக வெளியே போய், தூரத்தில் நின்ற கருகிய வண்டியில் முட்டி நின்றது.

"விமானத்துக்கு..." என்றான் மெல்ல. "விமானத்துக்கு முன்னாடி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கோபத்துல வண்டியைப் புல்லுல இறக்கினேன். முன்னாடிதானே வரக்கூடாது, பக்கத்துல வர்றேன் பாருன்னு. ஆம்புலன்ஸும் என் பின்னாடியே இறங்கிடுச்சு. பக்கவாட்டுல போய்த்தான் விமானியை இழுத்தோம். நாங்க அவரை வெளியில எடுத்த நேரத்துலதான் அது..." அவன் நிறுத்தினான். கையிலிருந்த கந்தைத் துணியை முறுக்கினான். "ரோட்டுலயே வந்திருந்தா நேரா மூக்குக்கு எதிர்லதான் நின்னிருப்பேன். என்கூட மூணு பேர் இருந்தாங்க மேடம். ஒருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

வெடி தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவனிடம் நீட்டினான். ரேஸ் அதை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"அப்போ அந்த ராக்கெட் சிமென்ட் தலை இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் வக்கீலம்மா. "விமானத்தை ஓட்டினவருக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? மணி அடிக்கிறதுக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?"

"வரலைங்க. ஒரு போன் வந்தது." ரேஸ் சுவரில் இருந்த தளத்தின் உள்தொலைபேசியைக் காட்டினான். "அவர்தான் எடுத்தாரு. நான் இங்கதான் டயர்ல காத்து பாத்துட்டு இருந்தேன்."

"என்ன பேசினார்?"

"'சொல்லு மச்சான்'னாரு. அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம், 'நீலம் அங்கயே இருக்கா? நல்லாப் பாத்தியா?'ன்னு கேட்டாரு. அப்புறம் 'நீயே டவர்ல சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்'னு கொஞ்சம் அழுத்தமாச் சொன்னாரு. அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. ரிசீவரை வைக்கக்கூட இல்ல, அப்படியே தொங்க விட்டுட்டு ஓடினாரு."

"நீலம்ங்கறது ஆளா, கலரா?" என்றான் வெடி. "ஆளா இருந்தா இது வேற மாதிரிக் கதையாப் போகும் மேடம்."

"கலர்," என்றார் நிலையத் தலைவர். "பயிற்சி ராக்கெட்டுக்குத் தலை நீலம். நிஜ ராக்கெட்டுக்குப் பச்சை."

விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய நீலத் தலைகள், விமானம் பறந்த பிறகும் தரையிலேயே இருந்திருக்கின்றன. அப்படியானால் மேலே போனது பச்சை.

"போன் பண்ணினது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நிலையத் தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இங்க எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். டீக்கடையில கை நீட்டினா பத்து மச்சான் திரும்பிப் பார்ப்பான்."

வக்கீலம்மா ரேஸின் பக்கம் திரும்பினாள். "அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"தம்பின்னு."

"தலைவரை?"

"ஐயான்னு."

"கேன்டீன்காரரை, காவலுக்கு நிக்கிறவங்களை, பெருக்க வர்றவங்களை?"

ரேஸ் யோசித்தான். "அண்ணே, அக்கா, தம்பி. மச்சான் மாப்ளே எல்லாம் அவர் வாயில வராது மேடம். நாங்க அப்படிக் கூப்பிட்டுக்கிட்டாலே சிரிப்பாரு. 'பொண்ணு குடுத்த மாதிரி பேசறீங்களே'ம்பாரு." சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. வாய் திறந்தபடி நின்றான்.

வக்கீலம்மா நிலையத் தலைவரிடம் கேட்டாள். "அவங்க வீட்டுக்காரம்மாவோட தம்பி, இந்தத் தளத்துல எந்தப் பிரிவு?"

அவர் சுவரில் இருந்த தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆயுதப் பிரிவு."

"மேடம்," என்றான் வெடி, "அவன்தானே நம்மளைக் கூட்டிட்டு வந்ததே?"

"ஆமா. வா."

*

ஆயுதக் கொட்டகையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு எழுப்பியிருந்தார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தம்பி ஒரு மேசையில் ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் சேர்ந்து உள்ளே வருவதைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிஞ்சுதா மேடம்? ஏதாவது கிடைச்சுதா?"

"கொஞ்சம்," என்றாள் அவள். "வெடி, நடந்து நடந்து கால் வலிக்குதுன்னியே, உட்கார்."

வெடி சுற்றிலும் பார்த்தான். நாற்காலி இல்லை. மூலையில் தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அவன் அதை நோக்கிப் போய்ச் சாய்ந்தான்.

"அதுல உட்காராதீங்க!"

தம்பியின் கத்தல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. வெடி பாதி உட்கார்ந்தபடி உறைந்தான்.

"ஏன் தம்பி?" வக்கீலம்மாவின் குரல் உயரவே இல்லை. "பயிற்சி ராக்கெட்தானே?"

ஸ்பானர் ஒன்று மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. நிலையத் தலைவர் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து விலக்கினார். நான்கு குழாய்கள். நான்கு நீலத் தலைகள். எழுத்துமூலமான வாக்குமூலத்தின்படி விமானத்தோடு எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டியவை, பெயின்ட் கூட உரியாமல் படுத்திருந்தன.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீலம் ஏத்தினதும் பச்சை ஏத்தினதும், ரெண்டு தள்ளுவண்டியும் பக்கத்துப் பக்கத்துல நின்னுது மேடம். சீக்கிரம், சீக்கிரம்னு கத்திட்டே இருந்தாங்க. தலைப்பக்கத்தைப் பாக்காம, பின்பக்கத்தைப் பிடிச்சு ஏத்திட்டேன். மூடி போட்டுட்டா எல்லாம் ஒண்ணுதான். விமானம் மேல போனப்புறம் திரும்பிப் பாத்தா நீலம் இங்க இருக்கு." அவன் மூச்சு வாங்கினான். "டவருக்குத்தான் முதல்ல போனை எடுத்தேன். வேலை போயிடும், ஜெயிலுக்குப் போவோம்னு தோணுச்சு. மாமாவைக் கூப்பிட்டேன். எப்பவும் எது ஆனாலும் மாமாவைத்தான் கூப்பிடுவேன்."

"அவர் சொல்லச் சொன்னார் இல்லையா?"

"சொன்னாரு. நான் ரிசீவரைக் கையில வச்சுட்டு நிக்கறேன், அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. அந்தப் பக்கம் போன் தொங்கிட்டு இருக்கு. எல்லாரும் ஓடற சத்தம் எனக்குக் கேக்குது. அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லல. மாமாவும் வயர்லெஸ்ல பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரே கேட்டுட்டு இருக்கும்னு எனக்காக விட்டுட்டாரு. சொல்லாமலே எல்லாரையும் ஒதுக்கி விட்டுட்டு, அவர் மட்டும் போய் நின்னுட்டாரு."

"அப்புறம் எங்களை எதுக்குத் தேடி வந்தே?"

"அக்கா தினமும் என்கிட்டதான் அழறா. 'நீயாவது சொல்லுடா, மாமா குடிப்பாரா'ன்னு. வாயைத் திறந்தா சத்தம் வரமாட்டேங்குது மேடம். நீங்க கண்டுபிடிச்சிடணும்னு பாதி மனசு. மீதி மனசு, இந்தத் தார்ப்பாயை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு."

நிலையத் தலைவர் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அடிப்பார் என்றுதான் வெடி நினைத்தான். அவர் அடிக்கவில்லை. பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"குழுகிட்ட இவனை நான் கொண்டுபோகணும்மா. இப்பவே."

"கொண்டுபோங்க. வழியில ஒரு வீட்டுல நிக்கணும். அந்த அம்மாவுக்கு இதை நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. இவன்தான் சொல்லணும்."

*

குடியிருப்பில் அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அலுவலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய கணவனின் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெண் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. தம்பியையும் அவனைப் பிடித்திருந்த கையையும் பார்த்தவள், மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அவன் நின்றபடியே சொன்னான். நடுவில் ஒருமுறை திக்கியது. அவள் உதவவில்லை. முழுவதையும் கேட்டாள்.

"டவருக்குப் போன் பண்ண எவ்வளவு நேரம்டா ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பார்வை அவள் மடியிலிருந்த சட்டைக்குப் போனது.

"உன்னைத் தூக்கி வளர்த்தது நான். சைக்கிள் பழக்கினது அவர். இந்த வேலைக்கு மனு எழுதிக் குடுத்ததும் அவர்." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஒரு வாரமா என் பக்கத்துல உட்கார்ந்து என் கண்ணைத் துடைச்சியே, அதுக்குக் கை எப்படிடா வந்தது உனக்கு?"

"அக்கா..."

"பேசாதே. பேச வேண்டிய இடத்துல போய்ப் பேசு. அவர் குடிச்சிருந்தார்னு எழுதின காகிதம் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிழியணும். நட. நானும் வர்றேன். நீ மாத்திச் சொல்லாம இருக்கியான்னு பாக்கணும்."

விசாரணைக் குழு கூடியிருந்த அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. உள்ளே போனவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அவள் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம். ரேஸும் அவன் வண்டியில் வந்த மூன்று பேரும் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, எதிர்ச் சுவரோரம் நின்றார்கள். கல்யாணம் நிச்சயமானவன் யார் என்று சொல்லாமலே தெரிந்தது. அவன்தான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான்.

கதவு திறந்தது. முதலில் குழுத் தலைவர் வந்தார். அவள் முன்னால் வந்து நின்றார். "அம்மா, அந்த வரியை எடுத்துட்டோம். அவர் எதுக்காக அங்க நின்னார்னு முழுசா எழுதறோம்," என்றார். அவள் தலையசைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை.

பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவில் தம்பி வந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் கால் தானாக நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவர்கள் அவனைத் தண்டவாளம் போல் நீண்ட அந்த நடைபாதையில் அழைத்துக்கொண்டு நடந்தார்கள். கோடியில் திரும்பப்போகும்போது அவள் எழுந்தாள்.

"சார்," என்று காவலரைக் கூப்பிட்டாள்.

அவர்கள் திரும்பினார்கள்.

"அவன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான். வெறும் வயித்துல இருந்தா அவனுக்கு மயக்கம் வரும்," என்றாள்.

பிறகு, பெண் பள்ளியிலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் புறப்பட்டாள்.